முதல் ஊசிக்கு முன்னால் பேசி முடிக்க வேண்டியவை

சபையில் கருத்தரிப்பு சிகிச்சையைப் பற்றி வாய் திறக்கிறவர்கள் பெரும்பாலும் கையில் குழந்தையோடுதான் திறக்கிறார்கள். மைக்கைப் பிடித்து, இத்தனை வருஷம் காத்திருந்தோம், டாக்டர்கள் கைவிரித்தார்கள், கர்த்தர் கர்ப்பத்தின் கனியைத் தந்தார் என்று சாட்சி சொல்வார்கள், நாமும் ஸ்தோத்திரம் சொல்லிக் கைதட்டுவோம், நடுவில் எந்த லேப், எத்தனை ஊசி, மிச்சமிருந்த கரு என்னவானது என்பதெல்லாம் மட்டும் வராது. எங்களுக்குச் சிகிச்சை பலிக்கவில்லை. அதனால் சாட்சி நேரத்தில் எங்களுக்கு வேலை இல்லை, ஆனால் சொல்வதற்கு நிறைய இருக்கிறது.

நான் தூத்துக்குடிக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழாவுக்கு வெளியூரில் இருக்கிற அத்தனை பேரும் வந்து இறங்கும் வீடு. என் கணவர் பாளையங்கோட்டை சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை, சீர்திருத்தச் சபை), அவர் தாத்தா கிராமத்துச் சபைகளில் உபதேசியாராக இருந்தவர். கல்யாணத்துக்கு அப்புறம் ஞாயிறு ஆராதனைக்கு அவரோடு போவேன், அம்மா வீட்டுக்குப் போனால் பூசைக்குப் போவேன். இதில் ஒரு சங்கடமும் வந்ததில்லை, ஐவிஎஃப் (முட்டையையும் விந்தணுவையும் லேபில் சேர்த்துக் கருவாக்கி வயிற்றில் வைப்பது) என்ற பேச்சு வரும்வரை.

முதலில் யாருக்கும் ஆட்சேபணை இல்லாத பகுதியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் பயந்துபோய் இதையே செய்யாமல் நாளைக் கடத்துகிறார்கள். என்ன குறை என்று கண்டுபிடிப்பதும், அந்தக் குறையைச் சரி செய்வதும் எந்தத் திருச்சபைக்கும் பாவமில்லை. தைராய்டு, புரோலாக்டின், முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச் ஆகிய ரத்தப் பரிசோதனைகள், கருக்குழாய் அடைப்பைப் பார்க்கும் ஹெச்எஸ்ஜி, கர்ப்பப்பையில் காசநோய் இருக்கிறதா என்று பார்ப்பது (நம் நாட்டில் குழாய் அடைப்புக்கு அது முக்கியமான காரணம்), முட்டை வெடிக்க மாத்திரை, எண்டோமெட்ரியோசிஸுக்கு (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது) லேப்ராஸ்கோப்பி எல்லாம் இதில் அடக்கம். வத்திக்கான் 2008இல் வெளியிட்ட ‘டிக்னித்தாஸ் பெர்சோனே’ என்ற ஏடு ஹார்மோன் சிகிச்சையையும் எண்டோமெட்ரியோசிஸ் அறுவையையும் குழாய் அடைப்பை நீக்குவதையும் பெயர் சொல்லியே அனுமதிக்கிறது. அந்த ஏட்டில் போட்டிருக்கும் தேதி செப்டம்பர் 8, மாதா பிறந்தநாள். அதே நாளில்தான் வேளாங்கண்ணியில் பிள்ளை வரம் கேட்டு வந்தவர்கள் தொட்டில் கட்டிக்கொண்டிருப்பார்கள், என் அம்மா உட்பட.

எனக்கு இருந்தது சாக்லேட் சிஸ்ட், எண்டோமெட்ரியோசிஸால் சூலகத்தில் வரும் கட்டி. ஆனால் அதைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் ஆணுக்குச் செய்யும் விந்தணுப் பரிசோதனையை முடித்திருக்க வேண்டும், செலவும் குறைவு, ஊசியும் கத்தியும் கிடையாது, ஏறக்குறைய பாதித் தம்பதிகளில் ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது, அப்படியிருந்தும் நம் வீடுகளில் அது கடைசியாகத்தான் நடக்கும். கத்தோலிக்கர்களுக்கு இதில் ஒரு தயக்கமும் உண்டு, மாதிரி எடுக்கும் முறையைத் திருச்சபை ஒத்துக்கொள்வதில்லை. இதற்கு வழி இருக்கிறது. விந்தணுவைக் கொல்லும் ரசாயனம் இல்லாத, இதற்கென்றே செய்த ஒரு உறையைத் தாம்பத்தியத்தின்போது உபயோகித்து ஒரு மணி நேரத்துக்குள் லேபில் கொடுக்கலாம். கடையில் கிடைக்கும் சாதாரண உறை ஆகாது. வெட்கப்படாமல் கேளுங்கள், டாக்டர்கள் இதைவிடப் பெரிய கேள்வியெல்லாம் கேட்டவர்கள்.

அறுவைக்குப் பிறகு நாள் கொடுத்துப் பார்த்தோம். கரு நிற்கவில்லை. அடுத்தது ஐவிஎஃப் என்றார் டாக்டர்.

அம்மாவுக்குத் தெரிந்த ஒரு சாமியாரிடம் (கத்தோலிக்கக் குருவானவரிடம்) போனேன். சுற்றி வளைக்காமல் சொன்னார். 1987இல் வத்திக்கானிலிருந்து வந்த ‘டோனும் வித்தே’ ஏட்டின்படி குழந்தை கணவன் மனைவியின் கூடலில் உருவாக வேண்டும், அதற்குத் துணை செய்யும் மருத்துவம் ஆகும், அதன் இடத்தையே பிடித்துக்கொள்ளும் மருத்துவம் ஆகாது, ஆகவே கணவனின் அணு, மனைவியின் முட்டை என்றாலும் ஐவிஎஃப் கூடாது. ஐயுஐ (விந்தணுவை நேரே கர்ப்பப்பைக்குள் செலுத்துவது) பற்றிக் கேட்டதற்கு, அங்கே இறையியலாளர்களுக்குள்ளேயே விவாதம் இருக்கிறது, அதுவும் மேலே சொன்ன அதே கணக்கில்தான் பார்க்கப்படும் என்றார். குழந்தை நமக்குச் சேர வேண்டிய பாக்கி கிடையாது, கொடை என்று மறைக்கல்வி ஏடு சொல்வதையும் எடுத்துக் காட்டினார். கிளம்பும்போது ஒன்று சொன்னார்: “எந்த வழியா வந்த பிள்ளையா இருந்தாலும் பிள்ளை பிள்ளைதாம்மா. ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவந்தா நான் எந்த லேப்னு கேக்க மாட்டேன்.”

இவர் பக்கம் எங்கள் ஐயரிடம் போனோம் (எங்கள் பக்கத்தில் சிஎஸ்ஐ போதகரை அப்படித்தான் கூப்பிடுவோம்). அவர் சொன்னது வேறு மாதிரி. இதற்கென்று ஒரே வரியில் ஆகும், ஆகாது என்று சொல்லும் அதிகாரம் எங்களிடம் இல்லை, நீங்கள் இருவரும் வேதத்தை வைத்துக்கொண்டு மனச்சாட்சியோடு முடிவெடுக்க வேண்டும் என்றார். கேட்க இதமாகத்தான் இருந்தது, ஆனால் நிஜத்தில் அதுதான் அதிகக் கஷ்டம், சாமியார் கொடுத்த பதிலில் குறைந்தபட்சம் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தது. சீர்திருத்தச் சபைகள் எல்லாமே இதைக் கண்டுகொள்ளாமல் விடுகின்றன என்றும் நினைக்க வேண்டாம். 2024இல் அமெரிக்காவின் சதர்ன் பாப்டிஸ்ட் மாநாட்டில், மிஞ்சிப்போகும் கருக்களைக் குறித்துக் கவலை தெரிவித்துத் தீர்மானமே போட்டார்கள்.

மூன்றாவது குரல் இவருடைய சித்தி. மருந்து எடுப்பதே அவிசுவாசம், ஜெபித்தே பிள்ளை பெற்ற அன்னாள் எந்த டாக்டரிடம் போனாள் என்பது அவர் வாதம். அன்னாள் போகவில்லை, சரி, ராகேல், கருத்தரிக்க உதவும் என்று நம்பப்பட்ட தூதாயீம் கனிக்காக அக்காவிடம் பேரம் பேசினாளே சித்தி என்று நான் கேட்டேன். எசேக்கியா ராஜாவுக்குக் கர்த்தர் ஆயுசைக் கூட்டிக் கொடுத்த பிறகும் ஏசாயா அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார். இடா ஸ்கடர் அம்மா வேலூரில் ஆரம்பித்த சிஎம்சியில் இன்றைக்குக் கருத்தரிப்பு சிகிச்சைப் பிரிவே இருக்கிறது. சித்தி ஒத்துக்கொள்ளவில்லை, ஜெபத்தில் மட்டும் எங்கள் பெயரை விடவும் இல்லை.

எங்களுக்குத் தெளிவு வந்தது, “ஐவிஎஃப் சரியா தப்பா” என்ற பெரிய கேள்வியை உடைத்துச் சின்னக் கேள்விகளாக்கிய பிறகுதான். ஐவிஎஃப் என்பது ஒரே செயலாக இருப்பதில்லை. ஹார்மோன் ஊசி போட்டு நிறைய முட்டைகளை வளர்க்கிறார்கள், எடுக்கிறார்கள், அணுவோடு சேர்க்கிறார்கள், மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ கருவைத் தரம் பிரிக்கிறார்கள், ஒன்றோ இரண்டோ உள்ளே வைக்கிறார்கள், மற்றதை மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜனில் உறைய வைக்கிறார்கள். இதில் ஒவ்வொரு படியிலும் நீங்கள் ஒரு முடிவு எடுக்கிறீர்கள், வாய் திறக்காமல் இருந்தால் உங்களுக்குப் பதிலாக மருத்துவமனையின் வழக்கம் அந்த முடிவை எடுக்கும். தாயின் வயிற்றில் நான் உருவாகுமுன்னே என்னை அறிந்தவர் என்று சொல்லிக்கொள்கிறவர்களுக்கு அந்தக் குளிர்ப்பெட்டி ஒரு கேள்வி, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால் பிறகு ஒவ்வொரு வருடமும் பராமரிப்புக் கட்டண ரசீதாக வீட்டுக்கு வரும். கரு உறைய வைத்துவிட்டு இரண்டு பிள்ளை பெற்று, மிச்சத்தை என்ன செய்வது என்று தெரியாமல் ரசீது கட்டிக்கொண்டிருக்கும் ஒரு தம்பதியை எனக்குத் தெரியும். வத்திக்கான் ஏடே இப்படிக் கைவிடப்பட்ட கருக்களைக் குறித்து, தீர்க்க வழியில்லாத அநீதி என்றுதான் சொல்கிறது, அவற்றை வேறு தம்பதி தத்தெடுப்பதை நல்ல எண்ணம் என்று மெச்சினாலும் அதிலும் சிக்கல் இருக்கிறது என்று நிறுத்திக்கொள்கிறது.

நாங்கள் பேசி முடித்தவை இவை. மூன்று முட்டைக்கு மேல் அணுவோடு சேர்க்க வேண்டாம். மிச்ச முட்டைகளைக் கருவாக்காமல் முட்டையாகவே உறைய வைக்க வேண்டும். உருவான கரு தானாக நின்றுபோகாதவரை, தரம் குறைவு என்று எதையும் தள்ளக் கூடாது, எல்லாவற்றுக்கும் என் வயிற்றில் இடம் உண்டு. ஒரு தடவைக்கு ஒன்று. கருவில் மரபணுப் பரிசோதனை வேண்டாம், குறை என்று வந்தால் அந்தக் கருவைத் தள்ளிவைக்க எங்களால் ஆகாது என்னும்போது அந்தச் சோதனையை எதற்குச் செய்வது.

ஒரு தடவைக்கு ஒன்று என்பது ஏன் முக்கியம் என்று பலருக்குத் தெரியாது. மூன்று வைத்து மூன்றும் பிடித்துவிட்டால், தாய்க்கும் மற்றக் குழந்தைகளுக்கும் ஆபத்து என்று ஒன்றைக் குறைக்கச் சொல்வார்கள். குறைப்பது என்றால் கலைப்பது. அந்த அறையில் உட்கார்ந்து பெயர் வைக்காத மூன்றில் எது என்று யோசிப்பதைவிட, உள்ளே வைக்கும் நாளிலேயே ஒன்று போதும் என்று சொல்வது லேசு.

டாக்டர் நல்லவர், ஆனால் எங்கள் பட்டியலைப் பார்த்துச் சிரித்துவிட்டார், இப்படி யாரும் கேட்டதில்லை என்று. இவர் விடவில்லை. இத்தாலியில் 2004இல் இப்படிச் சட்டமே இருந்தது டாக்டர், மூன்று கருவுக்கு மேல் உருவாக்கக் கூடாது, எல்லாவற்றையும் வைக்க வேண்டும் என்று, 2009இல்தான் அரசியல் சாசன நீதிமன்றம் அதை ரத்து செய்தது என்றார். ஏன் ரத்து செய்தார்கள் என்று யோசித்தீர்களா என்று டாக்டர் கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது. பத்து முட்டை எடுத்தால் பத்தும் முதிர்ந்திருக்காது, முதிர்ந்ததில் எல்லாம் கருவாகாது, கருவானதில் பாதிகூட ஐந்தாம் நாளைத் தொடாமல் போகலாம், மூன்றோடு நிறுத்தினால் வாய்ப்பு குறையும், உறைய வைத்த முட்டை கருவைப்போல உறுதியாக மீளாது, மறுபடி ஊசி, மறுபடி மயக்கமருந்து என்று பெண்ணின் உடம்புதான் அதற்கு விலை கொடுக்கும். இதை யாரும் உங்களிடம் மறைத்துப் பேசினால் நம்பாதீர்கள். உடம்பு என்னுடையது, நான் சரி என்றேன்.

சம்மதப் படிவம் கையெழுத்தாகும் நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு கட்டு. இங்கே, இங்கே, இங்கே என்று பென்சிலில் சின்னப் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார்கள், கவுன்ட்டரில் எங்களுக்குப் பின்னால் வரிசை. நடுவில் ஒரு பக்கத்தில் மூன்று கட்டம்: மிச்சக் கருவை அழிக்கலாம், ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம், வேறு தம்பதிக்குக் கொடுக்கலாம். “எல்லாரும் முதல் கட்டத்தத்தான் சார் டிக் பண்ணுவாங்க” என்று நர்ஸ் பேனாவை நீட்டினார். இவர் வரிசையை விட்டு விலகி, நாற்காலியில் உட்கார்ந்து முழுவதையும் படித்து, மூன்று கட்டத்தையும் கோடு போட்டு அடித்து, ஓரத்தில் எங்கள் நிபந்தனைகளை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு, டாக்டரிடமும் கையெழுத்து வாங்கி, ஜெராக்ஸ் எடுத்த பிறகுதான் பணம் கட்டினார். எழுதிக் கொடுப்பது டாக்டருக்காக மட்டும் இல்லை. கருவைக் கையாளுகிற எம்ப்ரியாலஜிஸ்ட் உங்களைப் பார்த்ததே இருக்க மாட்டார், சி கிரேடு, அதாவது தரம் குறைந்த கருவை உறைய வைக்காமல் விடுவது அவருக்கு அன்றாட வேலை, வாயால் சொன்னது லேப்வரைக்கும் போகாது. படிவத்தை முந்தின தடவையே வீட்டுக்குக் கேட்டு வாங்குங்கள். 2021இல் வந்த ஏஆர்டி (செயற்கைக் கருத்தரிப்பு) சட்டப்படி உறைய வைத்த கருவை 10 வருடத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது, அதற்குப் பின் அழிய விட வேண்டும் அல்லது உங்கள் சம்மதத்தோடு ஆராய்ச்சிக்குப் போகும். ஆக, பிறகு யோசிக்கலாம் என்பதற்கும் ஒரு கெடு இருக்கிறது.

வேறு பெண்ணின் முட்டையை வாங்கலாமே என்ற யோசனை நடுவில் வந்தது. பிள்ளையில்லாத சாராள் தன் அடிமைப்பெண் ஆகாரைக் கணவனுக்குக் கொடுத்துப் பிள்ளை பெறப் பார்த்ததை ஐயர் சொல்லி, அவசரப்பட்டதால் வந்த வினை என்றார். எனக்கு அந்தக் கதையில் சாராளின் அவசரத்தைவிட ஆகார்தான் கண்ணில் நின்றாள். அடிமைப்பெண், அவளிடம் யாரும் கேட்கவில்லை, பெற்ற பிறகு வனாந்தரத்துக்குத் துரத்தினார்கள். இன்றைய சட்டம் முட்டை கொடுக்கும் பெண்ணுக்கு 23 முதல் 35 வயது, வாழ்நாளில் ஒரே தடவை, ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது, காப்பீடு கட்டாயம் என்றெல்லாம் சொல்கிறது, நல்லதுதான். சட்டம் இப்படிக் காபந்து போட வேண்டி வந்திருக்கிறது என்பதே அந்த இடத்துக்கு எப்படிப்பட்ட பெண்கள் வருகிறார்கள் என்று காட்டுகிறது. எங்களுக்கு மனது வரவில்லை. வேறு முடிவெடுத்தவர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன், ஆகாரைப் பற்றியும் ஒரு நிமிடம் யோசியுங்கள் என்று மட்டும் கேட்பேன்.

எதுவரைக்கும் என்பதையும் முன்னாலேயே பேசிவிடுங்கள். ஒரு சுற்று ஒன்றரை லட்சத்தில் ஆரம்பித்து எங்கேயோ போகும். தோற்ற அன்று யாராலும் நிதானமாக முடிவெடுக்க முடியாது, இன்னும் ஒன்று என்றுதான் மனசு சொல்லும். தாத்தா மனையை விற்கக் கூடாது, என் நகை அடகுக்குப் போகக் கூடாது, எனக்கு இந்த வயது தாண்டினால் நிறுத்திவிட வேண்டும் என்று இவர் ஒரு டைரியில் எழுதி வைத்தார்.

அம்மாவுக்குச் சம்மதமில்லை. அதையும் முகத்துக்கு நேரே சொன்னார். சொல்லிவிட்டு மதுரைக்கு வந்து என்னோடு தங்கி, ஊசி போட்டு வீங்கின வயிற்றோடு நான் படுத்திருக்கக் கஞ்சி வைத்துக் கொடுத்தார். நான் என் தாய்ச் சபையின் போதனைக்குள் அடங்கிச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன், செய்யவில்லை. எங்கோ ஓர் ஓரத்தில் அனுமதி இருக்கிறது என்று தேடிப் பிடித்துச் சாதிக்கவும் இல்லை. அந்தப் போதனை கருவின்மேல் வைத்திருக்கும் மரியாதையை எங்களால் முடிந்தவரை எடுத்துக்கொண்டோம், மற்றதில் விலகினோம். இது சமாதானமா என்றால் முழுச் சமாதானம் இல்லை, ஆனால் ராத்திரி தூக்கம் வருகிறது.

ஒரு கரு ஒட்டவில்லை. இன்னொன்று ஒட்டியது, கர்ப்பத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான பீட்டா ஹெச்சிஜி நன்றாக ஏறியது, ஸ்கேனில் இதயத்துடிப்பு வரவில்லை. இன்னொன்று லேபிலேயே வளர்ச்சி நின்றுவிட்டது. உறைய வைத்த முட்டைகள் மீளவில்லை. டைரியில் எழுதிய கோடு வந்தது, நிறுத்தினோம். சித்தி வீட்டுப் பக்கம், தேவசித்தத்தை மீறினதற்குத் தண்டனை என்று பேச்சு வந்ததாம். பிறவிக் குருடனைப் பார்த்து யார் செய்த பாவம் என்று கேட்டவர்களுக்கு, இவனும் இல்லை, இவனைப் பெற்றவர்களும் இல்லை என்று இயேசு சொன்ன பதில் யோவான் 9இல் இருக்கிறது, அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை. ஐயர் வீட்டுக்கு வந்து, ஆறுதல் வசனம் எதுவும் சொல்லாமல் ஜெபம் மட்டும் செய்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார். அம்மா பூசைக்குக் கொடுத்தார். அடக்கம் செய்ய எதுவும் இல்லாத துக்கத்துக்குச் சபையில் ஒழுங்குமுறை எதுவும் கிடையாது, இந்த இரண்டும்தான் எங்களுக்கு அடக்க ஆராதனை.

சபை நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கூட்டத்தில் “கர்ப்பத்தின் கனிக்காகக் காத்திருக்கிறவர்கள் எழும்பி நில்லுங்கள்” என்று தயவுசெய்து கூப்பிடாதீர்கள். உட்கார்ந்திருக்கிறவர்களுக்காகவும் ஜெபிக்கலாம், கர்த்தருக்கு ஆள் தெரியும். புது வருஷ வாக்குத்தத்த அட்டையில் வந்த வசனத்தை வைத்து இந்த வருஷம் நிச்சயம் என்று தீர்க்கதரிசனம் சொல்கிறவர்கள், டிசம்பரில் வந்து பதில் சொல்வதில்லை. அசன விருந்தில் பந்தியில் பக்கத்து இலையிலிருந்து “விசேஷம் ஏதும் உண்டாம்மா” என்று கேட்கிற பெரியம்மாக்களுக்கு நான் இப்போது “உண்டு, காராவில பதிஞ்சிருக்கோம்” என்று சொல்கிறேன்.

காரா என்பது தத்தெடுப்புக்கான மத்திய அரசு அமைப்பு. கிறிஸ்தவர்கள் சட்டப்படி தத்தெடுக்க முடியாது என்று இன்னமும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். 1956ஆம் வருட இந்துத் தத்தெடுப்புச் சட்டம் நமக்குப் பொருந்தாது, முன்பெல்லாம் 1890ஆம் வருடச் சட்டத்தின்கீழ் பாதுகாவலர் என்றுதான் ஆக முடிந்தது. இப்போது 2015 சிறார் நீதிச் சட்டத்தின்கீழ் எந்த மதத்தவரும் முழு உரிமையோடு பெற்றோர் ஆகலாம். ஆஸ்பத்திரியில் தெரிந்தவர் மூலம் குழந்தை வாங்கித் தருகிறேன் என்று யார் வந்தாலும், சபை மூப்பராகவே இருந்தாலும், தூரப் போய்விடுங்கள், அது குற்றம். வரிசை வருடக்கணக்கில் நீளும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை வேண்டுமென்றால் கணவன் மனைவி வயதைக் கூட்டி 85க்கு மேல் போகக் கூடாது, சிகிச்சையில் வருஷத்தைக் கழிக்கும்போது இந்தக் கணக்கும் கூடவே ஓடிக்கொண்டிருக்கிறது, மறக்க வேண்டாம்.

வீட்டைப் பார்க்க ஒரு சமூகப் பணியாளர் வந்தார். சம்பளம், உடம்பு, அக்கம்பக்கம் எல்லாம் விசாரித்துவிட்டு, தத்தெடுத்த விஷயத்தைக் குழந்தையிடம் சொல்வீர்களா என்று எங்களைக் கேட்டார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுக்களையிலிருந்து அத்தை குரல் வந்தது. “சொல்லாம என்ன? பார்வோன் மக மோசேய எடுத்து வளத்தத சண்டே ஸ்கூல்ல சொல்லித்தான குடுக்கோம். அது நம்ம பிள்ளைக்கு மட்டும் தெரியக் கூடாதாக்கும்?” அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஃபைலில் ஏதோ எழுதினார், அத்தை காப்பியோடு வந்து என்ன எழுதினீங்க என்று கேட்டார்.